தோட்டத்துப் பட்டணத்திலிருந்து ஐ.சி.யு. வரை: தீவிர சிகிச்சைத் தாதியர் படிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஐ.சி.யு. (தீவிர சிகிச்சைப் பிரிவு) தாதியாக வேலை செய்தவள் நான். சுங்கை சிப்புட் பக்கம் கோயில் திருவிழாவானாலும் கல்யாணப் பந்தியானாலும், ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். அரசாங்கத் தேர்வு எழுதி முடித்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு யாராவது ஒரு அம்மா என்னிடம் வந்துவிடுவார். கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அவற்றையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எஸ்.பி.எம். முடித்ததும் நேராக ஐ.சி.யு. தாதியர் படிப்பில் சேர முடியுமா?

முடியாது. முதலில் பொதுத் தாதியர் படிப்பு. அதை முடித்து, மலேசியத் தாதியர் வாரியத்தின் தகுதித் தேர்வில் தேறிப் பதிவு பெற்ற தாதி ஆக வேண்டும். பிறகு வார்டிலோ ஐ.சி.யு.விலோ சில வருஷம் வேலை பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சையில் சிறப்புப் பயிற்சி அதற்கு அப்புறம்தான். நம் ஊரில் இதை இன்னும் 'போஸ்ட் பேசிக்' என்றுதான் சொல்கிறார்கள். இப்போது பல இடங்களில் அதற்கு 'அட்வான்ஸ்ட் டிப்ளோமா' என்று பெயர்.

"எங்கள் காலேஜில் சேர்ந்தால் நேராக ஐ.சி.யு. தாதி ஆகலாம்" என்று எந்த ஏஜென்டாவது வீட்டுக்கு வந்து சொன்னால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கையெழுத்து மட்டும் போடாதீர்கள். எந்தக் கல்லூரியானாலும் கேட்க வேண்டியது இரண்டுதான். படிப்புக்குத் தாதியர் வாரியத்தின் அங்கீகாரமும் எம்.கியூ.ஏ. என்ற மலேசியத் தகுதி முகமையின் தர அங்கீகாரமும் இருக்கிறதா? வார்டுப் பயிற்சிக்கு மாணவர்களை எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள்? இரண்டாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராத இடத்தில் சேர வேண்டாம் என்பது என் கருத்து. கட்டடம் பளபளவென்று இருக்கலாம், ஆனால் தாதி உருவாவது கட்டில் பக்கத்தில் நின்றுதான்.

எஸ்.பி.எம்.மில் என்ன வேண்டும்?

டிப்ளோமாவுக்குப் பல காலமாக இருக்கும் அடிப்படை நிபந்தனை 5 பாடங்களில் கிரெடிட், அதாவது வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம். மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம், இவற்றோடு வேறு இரண்டு பாடங்கள். அந்த இரண்டில் தமிழ் ஒன்றாக இருக்கலாம். ஆங்கிலத்தில் தேர்ச்சியும் கேட்பார்கள். விதிகளில் அவ்வப்போது தளர்வு வரும், திருத்தமும் வரும். அதனால் விண்ணப்பிக்கும் வருஷத்தில் வாரியத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டு அக்கா போன வருஷம் எப்படிச் சேர்ந்தாள் என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

டிப்ளோமா நல்லதா, டிகிரி நல்லதா?

டிப்ளோமா 3 வருஷம், டிகிரி 4 வருஷம். எஸ்.பி.எம்.முக்குப் பிறகு எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் அல்லது பவுண்டேஷன் என்ற முன்படிப்பை முடித்தவர்கள் டிகிரிக்குப் போகலாம். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், குபாங் கெரியானில் வளாகம் வைத்திருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றிலும் தாதியர் டிகிரி உண்டு. மூன்றுக்கும் சொந்தப் போதனா மருத்துவமனை இருப்பது பெரிய வசதி.

அரசாங்க வேலையில் நுழையும் தரமும் வேறு. 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறைப்படி டிப்ளோமாத் தாதி யு5-இலும் டிகிரித் தாதி யு9-இலும் தொடங்குகிறார்கள். பழைய கணக்கில் சொன்னால் யு29, யு41.

பெற்றோர் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. 'தாதியர் டிகிரி' என்ற ஒரே பெயரில் இரண்டு வகைப் படிப்பு இருக்கிறது. ஒன்று, புதிதாகச் சேரும் மாணவர்களுக்கான நான்கு வருஷப் படிப்பு. இன்னொன்று, ஏற்கெனவே பதிவு பெற்ற டிப்ளோமாத் தாதி வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்துவது இந்த இரண்டாவது வகை. ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை இதற்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் நேரம்தான் வீண்.

என்னைக் கேட்டால், முன்படிப்பையும் சேர்த்து இன்னும் இரண்டு வருஷமாவது தாக்குப்பிடிக்க முடிந்த குடும்பம் டிகிரிப் பக்கம் போகலாம். வீட்டில் சீக்கிரம் ஒரு சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் டிப்ளோமா. டிப்ளோமா முடித்தவருக்கு டிகிரிக் கதவு மூடிவிடுவதில்லை. ஐ.சி.யு.வில் நான் பார்த்த கெட்டிக்காரத் தாதிகளில் பலர் டிப்ளோமாக்காரர்கள்தான்.

பல்கலைக்கழகத்தில் தீவிர சிகிச்சை எப்போது வரும்? என்ன சொல்லிக்கொடுப்பார்கள்?

பெரும்பாலும் மூன்றாம் அல்லது நான்காம் வருஷத்தில். அதற்கு முன்னால் உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல், பொது வார்டுப் பயிற்சி எல்லாம் வந்துவிடும். முதல் வருஷ உடலியங்கியலை "பரீட்சைக்கு மட்டும்" படித்தவர்கள் தீவிர சிகிச்சைப் பாடத்தில் திணறுவார்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம் மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரமே.

வென்டிலேட்டர் என்ற மூச்சு மெஷினில் இருக்கும் நோயாளியைப் பராமரிப்பது, தமனி ரத்த வாயுப் பரிசோதனையை வாசிப்பது, ரத்த ஓட்டம் போதாமல் போகும் அதிர்ச்சி நிலை, கிருமித் தொற்று முற்றி உறுப்புகளைக் கெடுக்கும் செப்சிஸ், மயக்க மருந்தின் அளவு, சிறுநீரகத்துக்கு மாற்றாக இயங்கும் டையலிசிஸ், இதயத் துடிப்பின் தாளம், இவையெல்லாம் வரும். ரத்த வாயுவில் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 7.35 முதல் 7.45 வரை, கரியமில வாயு அழுத்தம் 35 முதல் 45 வரை என்பது மனப்பாடம். பி.எச். குறைந்து கரியமில வாயு ஏறியிருந்தால் மூச்சு போதவில்லை என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் நோயாளியின் நெஞ்சைப் பார்க்க வேண்டும், குழாயைப் பார்க்க வேண்டும், சளி அடைத்திருக்கிறதா என்று ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும். படிப்பில் பாதி இந்த அடுத்த அடியை எடுத்து வைப்பதுதான்.

தேர்வும் எழுத்தோடு முடியாது. ஓஸ்கி என்று ஒன்று உண்டு. மணி அடித்ததும் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். புத்தகப் புலிகள் அங்கே வியர்த்துப்போவதைப் பார்க்கலாம்.

எனக்குக் கணக்கு வராது அக்கா. சமாளிக்க முடியுமா?

பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், ஆனால் அவை தப்பாமல் வர வேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். நோயாளியின் எடை 60 கிலோ. ரத்த அழுத்தத்தை ஏற்ற நோரட்ரினலின் மருந்தைக் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதியிருக்கிறார். சிரிஞ்சில் 50 மில்லிலிட்டரில் 4 மில்லிகிராம் கலந்திருக்கிறது. அப்படியானால் ஒரு மில்லியில் 80 மைக்ரோகிராம். நோயாளிக்கு நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 வேண்டும். 360-ஐ 80-ஆல் வகுத்தால் 4.5. பம்பில் மணிக்கு 4.5 மில்லி என்று வைக்க வேண்டும்.

அந்தப் புள்ளியை விட்டுவிட்டு 45 என்று வைத்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். இதனால்தான் இப்படிப்பட்ட மருந்துகளை இரண்டு தாதிகள் தனித்தனியாகக் கணக்குப் போட்டுச் சரிபார்க்கிறார்கள். "நீ போட்டதையே நானும் பார்த்தேன், சரிதான்" என்று தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

இவ்வளவு மெஷின்! பார்த்தாலே பயமாக இருக்கிறதே?

1952-இல் டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகள் மருத்துவமனையில் குவிந்தார்கள். அவர்களுக்குப் போதுமான மெஷின் இல்லை. பியோன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, கையால் பையை அமுக்கிக் காற்று செலுத்தும் வழியைக் காட்டினார். மருத்துவ மாணவர்கள் நூற்றுக்கணக்கில் மாற்றி மாற்றி உட்கார்ந்து, இரவு பகலாகப் பையை அமுக்கினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. அடுத்த வருஷமே அந்த ஊரில் உருவான பிரிவைத்தான் உலகின் முதல் ஐ.சி.யு.க்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். அப்படியென்றால், ஐ.சி.யு. தொடங்கியபோது அங்கே இருந்தது ஒரு நோயாளியும் அவர் பக்கத்திலிருந்து நகராத ஓர் ஆளும்தான்.

இன்றும் அதே கதைதான். மானிட்டரில் ஆக்சிஜன் 70 என்று காட்டினால் முதலில் நோயாளியின் உதட்டைப் பாருங்கள். உதடு சிவப்பாக, ஆள் நிம்மதியாக இருந்தால் விரலில் மாட்டிய கிளிப் கழன்றிருக்கலாம். உதடு நீலமானால் வேறு எதையும் யோசிக்காமல் உதவிக்குக் கூப்பிட வேண்டும். பொத்தான்களைப் பழகச் சில வாரம் போதும். பார்க்கப் பழகுவதற்குத்தான் வருஷக்கணக்கில் ஆகும்.

மெஷினுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தையும் படிக்க வேண்டும். நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு மூச்சில் கிலோவுக்கு 6 மில்லி காற்று போதும், 12 மில்லி கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று 2000-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் அந்தக் கிலோ தராசு காட்டும் கிலோ அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடுவது. 160 சென்டிமீட்டர் உயர ஆண் 90 கிலோ இருந்தாலும் கணக்கில் அவர் ஏறக்குறைய 57 கிலோதான். ஒரு மூச்சுக்குச் சுமார் 340 மில்லி. உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. இது தெரிந்த தாதி, நோயாளியின் உயரத்தை அளக்க டேப்பைத் தேடிப் போவாள்.

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இந்தப் படிப்பில் ஏதாவது சாதகம் உண்டா?

உண்டு. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

காய்ச்சலோடு மஞ்சள் கண்ணும் கெண்டைக்கால் வலியுமாக ஒருவர் வருகிறார், சிறுநீர் குறைந்துவிட்டது. செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவரா, கால்வாய் தண்ணீரில் இறங்கினாரா, வீட்டைச் சுற்றி எலித் தொல்லை உண்டா என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் அப்படித்தான் வருகிறது. முற்றினால் சிறுநீரகம் நிற்கும், நுரையீரலில் ரத்தம் கசியும். 2010-லிருந்து நம் நாட்டில் சுகாதார அமைச்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய் இது. நோயாளி தானாக வாய் திறந்து "கால்வாயில் இறங்கினேன்" என்று சொல்லமாட்டார். அவருக்கு அது தினசரி வேலை, சொல்ல வேண்டிய சங்கதியாகவே தெரியாது.

புல்லுக்கு அடிக்கும் மருந்து இன்னொன்று. பாராகுவாட் குடித்துவிட்டு வந்தவர்களைத் தோட்டப்புற மருத்துவமனைகள் நிறையப் பார்த்திருக்கின்றன. 2002-இல் தடை, 2006-இல் தளர்வு என்று இழுபட்டு, 2020 ஜனவரி 1 முதல் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுப்பது தாதியின் அனிச்சைச் செயல். இந்த விஷத்தில் மட்டும் ஆக்சிஜன் நுரையீரல் சேதத்தைக் கூட்டும். ஆகவே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மிகவும் இறங்கினால் மட்டுமே, அதுவும் குறைவாகக் கொடுப்பார்கள். பழைய போத்தல் கொட்டகையில் இன்னும் கிடக்கலாம் என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும். அதனால் குடும்பத்திடம் "என்ன மருந்து, போத்தலைக் கொண்டு வாருங்கள்" என்று சரியாகக் கேட்பாள்.

டெங்கியும் அப்படித்தான். "காய்ச்சல் விட்டுவிட்டது மிஸ்ஸி, வீட்டுக்குப் போகலாம்" என்று குடும்பம் சந்தோஷப்படும் வேளையில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். இதை நம் ஆட்களுக்கு நம் மொழியில் புரியவைக்க வேறு யார் இருக்கிறார்கள்?

தாத்தா காலத்தில் தோட்டத்து டிரெஸ்ஸர், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர்தான் எல்லாவற்றுக்கும். அவர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. அந்த டிரெஸ்ஸருக்கு ஒவ்வொரு லயத்து வீட்டின் கதையும் தெரிந்திருந்தது. ஐ.சி.யு.வுக்குள் அந்த அறிவைக் கொண்டுபோகக்கூடியவர்கள் நீங்கள்தான்.

தமிழ்ப்பள்ளியில் படித்தவள் நான். மொழிப் பிரச்சினை வருமா?

பாடமும் குறிப்பேடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், வார்டுப் பேச்சு மலாயில். டிகிரிக்கு மூவெட் என்ற ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டும். முதல் செமஸ்டர் கஷ்டம்தான், மருத்துவச் சொற்கள் பழகியதும் குறைந்துவிடும்.

தமிழ் எங்கே உதவும் என்பதையும் சொல்கிறேன். ஐ.சி.யு. நோயாளிகள் பலருக்குச் சித்தக் குழப்பம் வரும். அதைக் கண்டுபிடிக்க உலகமெங்கும் புழங்கும் ஒரு சோதனையில், ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, 'ஏ' வரும்போது மட்டும் கையை அமுக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடமே போகாமல் ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்ந்த பாட்டி அதற்கு என்ன செய்வார்? தோற்றதாகக் குறித்துவிட்டால் அந்தக் குறிப்பே பொய். படங்களைக் காட்டிச் செய்யும் வடிவமும் உண்டு. ஆனால் "இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் பாட்டி" என்று தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். ராத்திரி மூன்று மணிக்கு அவர் குழாயைப் பிடுங்கப் போகும்போதும் அதே ஆள்தான் வேண்டும்.

பையன்கள் படிக்கலாமா?

தாராளமாக. நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் நேரத்தில் எல்லோரும் தம்பியைத்தான் தேடுவார்கள் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பையன்களுக்குப் பழக்கமான இன்னொரு பாதை உதவி மருத்துவ அதிகாரி வேலை. அது தனிப் படிப்பு, தனிச் சட்டம். உலு கிந்தாவில் அதற்கான பழைய பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு மனுப் போடாதீர்கள்.

ஷிப்டு எப்படி? சுங்கை சிப்புட்டிலிருந்து தினம் போய்வர முடியுமா?

பல அரசு மருத்துவமனைகளில் காலை 7 முதல் 2, மதியம் 2 முதல் 9, இரவு 9 முதல் மறுநாள் 7 என்ற ஓட்டம்தான். ஈப்போ பெரிய மருத்துவமனை இங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தூரம் பெரிதில்லை, நேரம்தான் பிரச்சினை. ஏழு மணி ஷிப்டுக்கு ஆறரைக்கே உள்ளே இருக்க வேண்டும், அதற்குப் பஸ்ஸை நம்ப முடியாது. மதிய ஷிப்டு முடித்து ஒப்படைத்துவிட்டு வெளியே வரும்போது ஒன்பதரை தாண்டியிருக்கும். கார் அல்லது மோட்டார் லைசென்ஸ் எடுத்துவிடுங்கள். அல்லது முதல் இரண்டு வருஷம் இன்னும் மூன்று பேரோடு சேர்ந்து அங்கேயே அறை எடுங்கள். இரவு வேலை முடித்து மோட்டாரில் தூங்கி விழுவது கதையல்ல, நடப்பது.

தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்றும் கேட்கிறார்கள். ஹரிராயாவுக்கு நீங்கள் நில்லுங்கள், தீபாவளிக்கு அவர்கள் நிற்பார்கள். இந்த விஷயத்தில் வார்டுகளுக்குள் எப்போதும் நல்ல ஒற்றுமை உண்டு. சிஸ்டரிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சாவு விழும் இடம், தீட்டு என்று பாட்டி சொல்கிறார்கள்.

வேலை முடித்ததும் சீருடையைத் தனியாகப் போட்டு, தலைக்குக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். கிருமிக் கட்டுப்பாட்டுக்கும் அதுவே விதி, பாட்டிக்கும் திருப்தி. வாதாட வேண்டாம்.

பணத்துக்கு என்ன வழி?

அரசுப் பல்கலைக்கழகத்துக்கு யு.பி.யு. என்ற பொது விண்ணப்ப முறை வழியாக மனு. கட்டணத்துக்கு அரசாங்கத்தின் பி.டி.பி.டி.என். கல்விக் கடன் இருக்கிறது. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்களில் இடம் கிடைத்தால் மாதாந்தர உதவித்தொகை உண்டு, பதிலுக்கு ஒப்பந்த காலம் அரசாங்கத்தில் வேலை செய்ய வேண்டும். தோட்டத்துக் குடும்பத்துக்கு இதைவிட நல்ல ஏற்பாடு குறைவு. இந்திய மாணவர்களுக்கு ம.இ.கா. கட்சியின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் கொடுத்து வருகிறது. தனியார் கல்லூரியில் முழுக் கடன் எடுப்பதற்கு முன், முதல் மாதச் சம்பளத்தில் எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இடையில் நின்றாலும் கடன் நிற்காது.

சிங்கப்பூர், இங்கிலாந்து போகலாமா?

போகலாம், ஆனால் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்த வாரியம், சொந்தத் தேர்வு. எல்லோரும் கேட்பது வேலை அனுபவம். இங்கே ஐ.சி.யு.வில் சில வருஷம் நின்று, சிறப்புப் பயிற்சியையும் முடித்துவிட்டுப் போனால் பேரம் உங்கள் கையில். ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தீவிர சிகிச்சைக்கான பட்டமேற்படிப்புச் சான்றிதழையே ஐ.சி.யு.வில் வேலை பார்த்துக்கொண்டுதான் படிக்கிறார்கள்.

ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. இது எனக்கு ஒத்துவருமா?

பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடும். சாப்பிடாமல் வார்டுக்குப் போகாதீர்கள், முழங்காலை விறைத்துக்கொண்டு நிற்காதீர்கள், தலை சுற்றினால் வெட்கப்படாமல் உட்காருங்கள். எஸ்.பி.எம். முடிவு வரும்வரை சும்மா இருக்கும் மாதங்களில் முதலுதவி வகுப்புக்குப் போங்கள், அல்லது முதியோர் இல்லத்தில் உதவிக்குப் போங்கள். ஒரு முதியவரைக் குளிப்பாட்டி, மலம் துடைத்து, சோறு ஊட்டிவிட்டு வந்தபின்னும் மறுநாள் போகத் தோன்றினால் மனுவை எழுதத் தொடங்குங்கள். தோன்றவில்லை என்றாலும் நல்லதுதான், மூன்று வருஷமும் கடனும் மிச்சம். மருந்தாளுநர் படிப்பும் ஆய்வுக்கூடப் படிப்பும் இருக்கின்றன.